"கொழுப்புக்கட்டிதான், விடு": லேப்ரடார் வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு எபிசோட்

இன்னைக்கு எபிசோட் நாய்களுக்கு வர்ற கேன்சர் பத்தி. குறிப்பா லேப்ரடார் பத்தி. தலைப்பைக் கேட்டதும் கனமா இருக்கேன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இதுல பாதி விஷயம் பயப்பட வேண்டாம்னு சொல்றதுக்கு, மீதிப் பாதி தள்ளிப்போட வேண்டாம்னு சொல்றதுக்கு.

முதல்லயே ஒண்ணு. நான் கால்நடை டாக்டர் இல்ல, கோடு எழுதிப் பிழைக்கிறவன். மருந்து பேர் சில இடத்துல வரும், அளவு சொல்ல மாட்டேன். எந்த அறிகுறியைப் பார்த்ததும் கிளம்பணும், போய் என்ன கேட்கணும், இவ்வளவுதான் இந்த எபிசோட்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வழக்கமான கதை இருக்கு. சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்குற பையனோ பொண்ணோ ஆசையா ஒரு லேப் குட்டி வாங்குவாங்க. ஆறு மாசத்துல ஃபிளாட்ல வச்சுக்க முடியல. குட்டி ஊருக்குப் போயிடும். "இதெல்லாம் எதுக்குடா"ன்னு கேட்ட அப்பாவே அப்புறம் காலையில அதைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போவாரு. அம்மா தயிர்சாதம் பிசைஞ்சு வைப்பாங்க. ஆக, நாய் உங்க பேர்ல இருக்கு, அதைத் தினமும் தொடுற கை உங்களோடது இல்ல. கட்டியை முதல்ல பார்க்கப்போறது அம்மாவோட கை. செலவு பண்ணலாமா, எங்க போகலாம்னு முடிவெடுக்கப்போறது நீங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற போன் காலைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

ஏன் லேப்?

எல்லா நாய்க்கும் கேன்சர் வரலாம். நாலு நாய்ல ஒண்ணுக்கு வாழ்நாள்ல ஏதாவது ஒரு கட்டி நோய் வரும்னும், பத்து வயசைத் தாண்டின நாய்கள்ல கிட்டத்தட்டப் பாதிக்குக் கேன்சர் வரும்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் சொல்லுது. அது அந்த நாட்டு அளவுகோல். ஆனா நம்ம வீட்டு நாய்களும் இப்போ தடுப்பூசி போட்டு, கேட்டுக்குள்ளயே இருந்து, பத்து வயசைத் தாண்டுது. வயசு கூடக் கூட இந்த நோயும் கூடும்.

இனத்துக்கு இனம் இதுல வித்தியாசம் உண்டு. லேப்போட நெருங்கின சொந்தமான கோல்டன் ரெட்ரீவர்ல கேன்சர் அதிகம்னு தெரிஞ்சதால, அமெரிக்காவுல மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012-லேர்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி பண்ணுது. லேப்புக்கு அந்த அளவுக்குப் பேர் இல்ல. ஆனா மாஸ்ட் செல் ட்யூமர்னு ஒரு தோல் கேன்சர் இருக்கு. அது அதிகம் வர்ற இனங்கள் பட்டியல்ல பாக்சர், பக் கூட லேப்ரடாரும் இருக்கு.

இங்கதான் சிக்கல். சாதாரணக் கொழுப்புக்கட்டியும் லேப்புக்கு ரொம்ப அதிகமா வரும். வயசான, குண்டான லேப்னா விலாப் பக்கம் மெத்துமெத்துன்னு ஒண்ணு ரெண்டு இருக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஒரே நாய்க்கு ஆபத்தில்லாத கட்டியும் வரும், ஆபத்தான கட்டியும் வரும். ரெண்டும் தோலுக்கு அடியில ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கை பொய் சொல்லும்

ஜெயங்கொண்டம் பக்கத்துலேர்ந்து ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஏழு வயசு லேப். முன்னங்காலுக்குப் பின்னாடி, மார்புக்குப் பக்கத்துல ஒரு கட்டி. "அப்பா அமுக்கிப் பார்த்துட்டு, வலிக்கல, நகருது, கொழுப்புக்கட்டிதான் விடுங்கிறார். போன வாரம் பெருசா இருந்துச்சு, இந்த வாரம் சின்னதாயிடுச்சு. அப்போ சரியாகுதுன்னுதானே அர்த்தம்?"

இதுல ஒவ்வொரு வரியும் முக்கியம், அதனால பிரிச்சுப் பார்க்கலாம்.

வலிக்கல. பெரும்பாலான கேன்சர் கட்டிகள் ஆரம்பத்துல வலிக்காது. வலி இல்லைங்கிறது நல்ல செய்தி இல்ல, அது ஒரு செய்தியே இல்ல.

நகருது. கொழுப்புக்கட்டி நகரும், உண்மைதான். தோலுக்கு அடியில வர்ற மாஸ்ட் செல் கட்டியும் மெத்துன்னு நகரும். அனுபவமுள்ள டாக்டரே கையால தொட்டு மட்டும் சொல்ல முடியாதுன்னு ஒத்துக்குவார்.

பெருசாகிச் சின்னதாச்சு. இதுதான் எனக்குக் கவலையா இருந்த வரி. மாஸ்ட் செல்லுக்குள்ள ஹிஸ்டமின் மாதிரியான ரசாயனங்கள் பொட்டலம் பொட்டலமா இருக்கும். நமக்கு அலர்ஜி வந்தா தடிக்குதே, அதுக்குக் காரணமான அதே ஹிஸ்டமின். கட்டியை அமுக்கினாலோ நாய் சொறிஞ்சாலோ அது வெளிய வந்து, சுத்தி வீங்கிச் சிவக்கும். ரெண்டு நாள்ல வடியும். பூச்சிக்கடி மாதிரியே இருக்கும். அதனால ஏறி இறங்குற கட்டியைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காதீங்க. சீக்கிரம் காட்டுங்க.

எவ்வளவு சீக்கிரம்? அமெரிக்காவுல சூ எட்டிங்கர்ங்கிற கால்நடைக் கேன்சர் டாக்டர் பிரபலப்படுத்தின ஒரு விதி மனசுல நிக்கும். ஒரு கட்டி ஒரு சென்டிமீட்டர், அதாவது பட்டாணி அளவு இருந்தா, இல்ல ஒரு மாசமா அங்கேயே இருந்தா, பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, ஊசி போட்டு எடுத்துப் பாருங்க. பட்டாணி, ஒரு மாசம். அம்மாகிட்ட போன்ல சொல்ல இது போதும்.

"ஊசி குத்தினா பரவிடும்"

இதைச் சொன்னதும் ஊர்ல வர்ற முதல் பதில் எனக்குத் தெரியும். "கட்டியைத் தொந்தரவு பண்ணக்கூடாதுடா. கத்தி பட்டா பரவிடும்." மனுஷங்களுக்கும் நாம இதைத்தான் சொல்றோம். இந்த நம்பிக்கை வந்த வழியும் புரியுது. முத்தின பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறோம், ஆபரேஷன் நடக்குது, ஆள் தேறல. பழி கத்தி மேல விழுது. தாமதத்தை யாரும் கணக்குல எடுக்குறதில்ல.

ஊசிப் பரிசோதனைங்கிறது இவ்வளவுதான்: தடுப்பூசி போடுற மாதிரி மெல்லிசான ஊசி. கட்டிக்குள்ள விட்டு, கொஞ்சம் செல்லை எடுத்து, கண்ணாடி ஸ்லைடுல தடவிக் காயவச்சு, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பார்க்குறாங்க. பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்ல. நிறைய லேப் பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டே குத்திக்கும். சிறுநீர்ப்பைக் கட்டி மாதிரி சில உள்ளுறுப்புகள்ல டாக்டர்களே ஊசி போடத் தயங்குவாங்க. தோல் கட்டிக்கு இந்தப் பயம் தேவையில்ல.

இன்னொண்ணு, கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா, "எடுத்தாச்சுல்ல, முடிஞ்சது"ன்னு வந்துடாதீங்க. எடுத்த சதையை ஃபார்மலின்ல போட்டு பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்க. அது என்ன கட்டி, எந்த கிரேடு, ஓரம் சுத்தமா வந்துச்சா, இந்த மூணு பதிலும் அந்தத் துண்டுலதான் இருக்கு. அதைக் குப்பையில போட்டுட்டா திரும்பக் கிடைக்காது.

மாசத்துக்குப் பத்து நிமிஷம்

சம்பள நாள் மாதிரி ஒரு தேதி வச்சுக்கோங்க. குளிப்பாட்டுற அன்னைக்கே பண்ணிடலாம். மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரே வரிசை.

வாய்: உதட்டைத் தூக்கி ஈறு, நாக்குக்கு அடியில பாருங்க. கறுப்பாவோ சிவப்பாவோ சதை வளர்ந்திருக்கா, ரத்தம் வருதா, திடீர்னு நாத்தம் கூடியிருக்கா. ஈறு ரோஸ் நிறம்தானான்னும் பார்த்துக்கோங்க.

நெறி: தாடைக்குக் கீழ, தோள்பட்டைக்கு முன்னாடி, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி. இந்த மூணு இடத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கான்னு தடவுங்க. வலியே இல்லாம பல இடத்துல ஒரே நேரத்துல நெறி கட்டினா லிம்போமாவா இருக்கலாம்.

தோல்: விலா, அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு. ரெண்டு மூணு வாரமா ஆறாத புண்ணும் கட்டி மாதிரிதான், காட்டணும்.

மடி: பெண் நாய்க்குப் பொதுவா ரெண்டு வரிசையில பத்துக் காம்பு. ஒவ்வொண்ணையும் விரல் நுனியால உருட்டிப் பாருங்க. கடைசி ரெண்டு ஜோடியை விடாதீங்க, அங்கதான் அதிகம் வரும். ஆண் நாய்க்கு விதை ரெண்டும் ஒரே அளவான்னு பாருங்க.

கால்: நொண்டல் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா எக்ஸ்ரே கேளுங்க. பெரிய நாய்களுக்கு எலும்புக் கேன்சர் மணிக்கட்டுப் பக்கம், தோள்ப் பக்கம், பின்னங்கால் முட்டிப் பக்கம் அதிகம் வரும். "எங்கேயோ குதிச்சு சுளுக்கிட்டு இருக்கும்"ங்கிற பேச்சுலயே மாசம் ஓடிடும். அரியலூர்க்காரங்களுக்கு ஒரு உபரித் தகவல். நம்ம மண்ணுல டைனோசர் எலும்பு கிடைக்குதுல்ல, கனடாவுல கிடைச்ச ஒரு கொம்பு டைனோசரோட கால் எலும்புல இதே எலும்புக் கேன்சர் இருந்ததை 2020-ல உறுதி பண்ணாங்க. சுமார் 7.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பிராணி. கேன்சர் நம்ம காலத்து வியாதின்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

எடை: டயட் எதுவும் பண்ணாம இளைச்சா சந்தோஷப்படாதீங்க. லேப் சாப்பாட்டை மறுக்குறதே ஒரு அறிகுறி.

ஒரே ஒரு அவசர அறிகுறி இருக்கு. நல்லா இருந்த நாய் திடீர்னு சுருண்டு விழுது, ஈறு வெளுத்துப் போயிருக்கு, வயிறு உப்பியிருக்கு. மண்ணீரல்ல இருந்த கட்டி உள்ள வெடிச்சு ரத்தம் கசியலாம். அன்னைக்கு ராத்திரி எத்தனை மணியானாலும் வண்டியை எடுங்க.

கட்டி கண்டுபிடிச்சா, பக்கத்துல ஒரு ரூபாய் நாணயத்தை வச்சு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. தேதி, இடம், அளவு மூணையும் வாட்ஸ்அப்ல போட்டா போதும். எங்க ஆபீஸ் பாஷையில, லாக் இல்லாம டீபக் பண்ண முடியாது. டாக்டருக்கும் "எப்போலேர்ந்து இருக்கு?"ங்கிற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

எல்லா நெறியும் கேன்சர் இல்ல

இப்போ பயப்பட வேண்டாம்னு சொல்ற பகுதி. நெறி கட்டியிருக்கு, நாய் இளைச்சிருக்கு, ஈறு வெளுத்திருக்கு, மூக்குல ரத்தம். கூகுள் பண்ணினா முதல் பக்கமே கேன்சர்னு சொல்லும். ஆனா நம்ம ஊர்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியாங்கிற கிருமி உண்ணி மூலமா ரத்தத்துல ஏறும், இந்த அறிகுறி அத்தனையையும் காட்டும். ரத்தப் பரிசோதனையில தெரியும், நேரத்துக்குப் பார்த்தா மாத்திரையில குணமாகும்.

இதுக்குள்ள ஒரு பொறி இருக்கு. நெறி வீக்கத்துக்கு என்ன காரணம்னு தெரியாமலேயே மெடிக்கல் ஷாப்ல கேட்டு பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துடுவாங்க. வீக்கம் குறையும், நாய் நல்லா சாப்பிடும். அது லிம்போமாவா இருந்தா, பரிசோதனையில அடையாளம் தெரியாம மறைஞ்சுடும், பின்னாடி கொடுக்குற கீமோ மருந்துக்கும் சரியா மசியாது. முதல்ல ஊசிப் பரிசோதனை, அப்புறம் ஸ்டீராய்டு. அதே மாதிரி வலின்னா நம்ம டப்பாவுல இருக்குற ஐபுப்ரோஃபெனைக் கொடுக்காதீங்க. நாய்க்கு வயித்துல புண்ணு, கிட்னி சேதம் வரைக்கும் போகும்.

பெண் லேப் வளர்க்குறவங்களுக்கு

கருத்தடை பண்ணாத பெண் நாய்களுக்கு அதிகம் வர்ற கட்டி மடிக்கட்டி. அதுல ஏறத்தாழப் பாதி கேன்சரா இருக்கும். மூணு சென்டிமீட்டருக்குள்ள இருக்கும்போதே எடுத்துட்டா பிழைக்குற வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கும். கொய்யாக்காய் அளவாகி, உடைஞ்சு, ஈ மொய்க்குறப்பதான் நம்ம பக்கம் நிறைய நாய்கள் டாக்டரைப் பார்க்குது. மடியைப் பத்திப் பேசக் கூச்சப்படுறதும் ஒரு காரணம். கூச்சப்பட இதுல ஒண்ணுமே இல்ல.

1969-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இன்னைக்கும் எல்லாரும் சொல்றது: முதல் ஹீட்டுக்கு முன்னாடி கருத்தடை பண்ணின நாய்க்கு மடிக்கேன்சர் அபாயம், பண்ணாத நாயோட ஒப்பிட்டா 0.5 சதவீதம்தான். ஒரு ஹீட்டுக்கு அப்புறம்னா 8, ரெண்டுக்கு அப்புறம்னா 26. அந்த ஆதாரம் அவ்வளவு வலுவா இல்லைன்னு 2012-ல ஒரு மறுபரிசீலனையும் வந்துச்சு. அதோட, ஆறு மாசத்துக்கு முன்னாடி கருத்தடை பண்ணின லேப்புக்கு மூட்டுப் பிரச்சினை சுமார் ரெண்டு மடங்கு வருதுன்னு கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் ஆய்வு 2014-ல சொல்லுச்சு. அதனால எந்த மாசம் பண்றதுன்னு உங்க டாக்டர்கிட்ட உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. ஆனா குட்டி போட வைக்கப்போறதில்லைன்னா, "பாவம், இயற்கையா விடுவோம்"னு வருஷக்கணக்கா விடுறதுக்கு ஒரு விலை இருக்கு. ஹீட் வராம இருக்க ஹார்மோன் ஊசி போடுறதுக்கு விலை இன்னும் அதிகம். அது மடிக்கட்டிக்கும் கர்ப்பப்பையில சீழ் பிடிக்குறதுக்கும் வழி பண்ணும்.

நித்தியகல்யாணி மருந்து

கேட்டைத் திறந்து விடுற வீடுகளுக்கு இன்னொரு கட்டி தெரிஞ்சிருக்கணும். ஆண் நாய்க்கோ பெண் நாய்க்கோ பிறப்புறுப்புலேர்ந்து சொட்டுச் சொட்டா ரத்தம், காலிஃப்ளவர் மாதிரி சதை. ஹீட் ரத்தம்னு நினைச்சு விட்டுடுவாங்க. இது நாய்க்கு நாய் தொத்துற கேன்சர். இனச்சேர்க்கையில, சில சமயம் நக்குறதுல, மோப்பம் பிடிக்குறதுல, உயிரோட இருக்குற கேன்சர் செல்லே ஒரு நாய்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும். 43 நாடுகள்லேர்ந்து 546 கட்டிகளை எடுத்து ஆராய்ஞ்சு 2019-ல ஒரு முடிவு வந்துச்சு: இந்தக் கட்டி எல்லாமே 4,000-லேர்ந்து 8,500 வருஷத்துக்கு முன்னாடி ஆசியாவுல வாழ்ந்த ஒரே ஒரு நாயோட செல்லுலேர்ந்து வந்தது. அந்த நாய் செத்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆச்சு. அதோட கேன்சர் நம்ம தெரு முனையில இன்னும் உயிரோட இருக்கு.

நல்ல செய்தி, இது பெரும்பாலும் முழுசா குணமாகும். வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து, வாரம் ஒரு ஊசி, பொதுவா நாலுலேர்ந்து ஆறு வாரம். இந்த மருந்து எதுலேர்ந்து வருது தெரியுமா? நம்ம வாசல்லயும் ரோட்டோரத்துலயும் தானா முளைக்குற நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னும் சொல்வோம். உடனே இலையைப் பறிச்சு அரைச்சுக் கொடுத்துடாதீங்க, அந்தச் செடி விஷம். மருந்துமே ரத்தக்குழாய்க்கு வெளிய கசிஞ்சா சதையை அழுகவைக்குற ரகம். டாக்டர் கையாலதான் போடணும். ஊசி போட்ட சில நாளைக்கு நாயோட மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் பண்ணணும்.

எங்க போறது?

"எல்லாம் சரி, இங்க இருக்குறது மாட்டாஸ்பத்திரிதானே"ன்னு கேட்பீங்க. அந்த மாட்டாஸ்பத்திரியில இருக்குற டாக்டரும் அஞ்சு வருஷத்துக்கு மேல படிச்சுட்டு வந்தவர், நாயும் சேர்த்துத்தான் படிச்சிருக்கார். ஊசியும் ஸ்லைடும் இருந்தா முதல் படி அங்கேயே முடியும். காய்ஞ்ச ஸ்லைடு கெட்டுப்போகாது, நல்லா சுத்திப் பையில வச்சு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நாய் பயணம் பண்ண வேண்டாம், கண்ணாடி பயணம் பண்ணும். பயாப்ஸிச் சதை இருக்குற ஃபார்மலின் டப்பாவோட ஸ்லைடை ஒரே பையில வைக்காதீங்க, அந்த ஆவி பட்டாலே ஸ்லைடு வீணாகிடும்.

அடுத்த படிக்குக் கால்நடைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் இருக்கு. பெரம்பலூர்க்காரங்களுக்குத் துறையூர் வழியா நாமக்கல். அரியலூர்க்காரங்களுக்குத் திருமானூர், திருவையாறு, தஞ்சாவூர் வழியா ஒரத்தநாடு. பெரிய சிகிச்சைன்னா சென்னை வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. பெரம்பலூர்ல ரயில் இல்ல, நாயை பஸ்ல ஏத்த மாட்டாங்க, கார் வாடகைதான் வைத்தியத்தை விட அதிகமாகும். அதனாலதான் முதல் படியை ஊர்லயே முடிச்சு, பதில் தெரிஞ்ச பிறகு வண்டி பிடிக்கச் சொல்றேன்.

கடைசியா, பணம். எல்லா வீட்டாலயும் கீமோ வரைக்கும் போக முடியாது, போகணும்னு கட்டாயமும் இல்ல. "வலியில்லாம இருக்குற வரைக்கும் பார்த்துக்கறோம்"னு சொல்றதும் மரியாதையான முடிவுதான். அந்த முடிவை என்ன நோய்னு தெரிஞ்சு எடுங்க. சின்னக் கட்டிக்கு ஒரு ஆபரேஷன் போதும். அதே கட்டிக்கு ஒரு வருஷம் கழிச்சு என்ன செலவு பண்ணாலும் போதாது.

இந்த வாரம் ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணுங்க. "நாய் சாப்பிட்டுச்சா?"ன்னு எப்பவும் கேட்பீங்கல்ல, கூடவே "எங்கயாவது கட்டி தட்டுப்படுதாம்மா?"ன்னும் கேளுங்க. இருக்குன்னா நாணயம் வச்சு ஒரு போட்டோ. பட்டாணி அளவு, இல்ல ஒரு மாசம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.